ஒன்பதாவது குறிப்பு

தேவபிரசாதம் ஒரு கடிதம் எழுதினால் இரண்டு முறை படித்துப் பார்ப்பார். கார்பன் வைத்து நகல் எடுத்துக் கோப்பில் சேர்ப்பார். பத்து நாளில் பதில் வராவிட்டால், ‘பார்வை: எனது முந்தைய கடிதம்’ என்று தேதி போட்டு நினைவூட்டு ஒன்று போகும். நாசரேத் மிஷன் பள்ளியில் படித்த காலத்தில், கட்டுரை நோட்டின் ஓரக்கோடு கோணினால் பக்கத்தையே கிழித்துத் திரும்ப எழுதச் சொன்ன வாத்தியாரிடம் பழகிய கை அது. எழுத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட மனிதருக்கு நாற்பத்து மூன்று வயதில் வாய்த்த வேதனை, அவர் ஒன்று எழுத, படிக்கிறவர்கள் வேறொன்றாகப் படித்தார்கள் என்பதுதான்.

1976-ஆம் வருஷம் அவர் கிராம சேவக். விதை, உரம், பூச்சி மருந்து பற்றி அரசாங்கம் சொல்வதை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. முத்தையாபுரத்தில் குடியிருந்துகொண்டு, பஸ்ஸிலும் சைக்கிளிலுமாகப் பதினோரு ஊர்களைப் பார்த்துவந்தார். அவற்றில் அவரை மிகவும் படுத்திய ஊர் புளியங்கரிசல். பாஞ்சாலங்குறிச்சிக்குக் கிழக்கே, கடலுக்கும் கரிசலுக்கும் நடுவில் கிடக்கிறது. ஒரு பக்கம் உப்பளங்களும் அவற்றுக்கு அப்பால் புதுத் துறைமுகத்தின் கிரேன்களும் தெரியும். மறு பக்கம் கறுத்த மண், அதற்கு மேல் வானம், வேறொன்றும் கிடையாது. கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர். ஐப்பசியில் பெய்கிற மழையை நம்பி உளுந்து விதைப்பார்கள். மழை பாதியில் நின்றுவிட்டால் பயிரும் பாதியில் நின்றுவிடும்.

அந்த ஊருக்கு அவர் மேல் ஒரு கோபம் இருந்தது. முந்தின வருஷம் அவர் பேச்சைக் கேட்டு ஆறு பேர் மூட்டை உரம் போட்டார்கள். போட்ட மறுவாரம் போன மழை போனதுதான். ஈரமில்லாத மண்ணில் உரம் சூடேறிப் பயிர் ஓரம் ஓரமாகக் கருகியது. உரம் போடாதவன் காட்டில் ஏதோ கொஞ்சம் தேறியது. அன்றிலிருந்து அவர் சைக்கிள் ஊருக்குள் நுழைந்தால், உட்கார்ந்திருக்கிற ஆண்கள் வேலை ஞாபகம் வந்ததுபோல எழுந்து போவார்கள். போதாததற்கு இந்த வருஷம் குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் இரண்டு தடவை வந்துபோயிருந்தது. அரசாங்கத்து ஆள் எதைக் கொண்டுவந்தாலும் அதில் ஒரு சூது இருக்கும் என்பது ஊரின் பொது முடிவாகிவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் அவர் கையில் ரைசோபியம் வந்து சேர்ந்தது.

கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சியில் அதைப் பற்றிக் கேட்டபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது என்றே சொல்ல வேண்டும். மண்ணில் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். உளுந்தின் வேரில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டிக்கொண்டு, காற்றில் சும்மா கிடக்கிற தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். முதல் மாதத்தில் பயிர் மளமளவென்று கிளம்பிவிடும். வேர் அதற்குள் ஆழம் பார்த்துவிட்டால், பின்னால் மழை கைவிட்டாலும் ஓரளவு தாங்கும். மூட்டை உரம் மாதிரி கருக்காது. கரித்தூள் போன்ற ஒரு பொடியில் அதை வளர்த்துப் பொட்டலமாகத் தந்தார்கள். ஒரு பொட்டலம் ஒரு ஏக்கர் விதைக்குத் தாராளம். எல்லாத் திட்டமும் ஆற்றுப் பாசனக்காரனுக்கே என்று இருந்த நாட்டில், வானம் பார்த்த மண்ணுக்கென்று வந்த ஒரே சாமான் இதுதான் என்று அவருக்குப் பட்டது.

ஒன்றிய அலுவலகத்தில் விரிவாக்க அலுவலர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஒரு செயல்விளக்கத் திடல் போட வேண்டும். அடுத்த வருஷம் நாங்களும் செய்கிறோம் என்று இருபது விவசாயிகள் கையெழுத்திட்ட படிவம் தைப் பொங்கலுக்குள் வர வேண்டும். வராவிட்டால் பொட்டலம் அத்தனையும் ஸ்ரீவைகுண்டம் பக்கம் போய்விடும். அங்கே நெல் அறுத்த வயலில் உளுந்து போட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். புளியங்கரிசலுக்கு இனி இந்த ஜென்மத்தில் ஒன்றும் வராது.

நிலம் கொடுக்க முன்வந்தவர் மந்திரமூர்த்தி. போன வருஷம் கருகிய ஆறு பேரில் ஒருவர்.

“ரோட்டோரத்து ஒரு ஏக்கரு தாரேன், சேவக் சார். பாதியில ஒங்க பொடி, பாதியில சும்மா. நாலு வாரம் கழிச்சு ஊரே வந்து பாக்கட்டும். ஒண்ணுமில்லன்னா நீங்க இங்கன வர வேண்டாம். நானும் இங்கன இருக்க மாட்டேன், ஹார்பர்ல மூட்ட தூக்கப் போயிருவேன்.”

சரியென்று தேவபிரசாதம் கோயம்புத்தூருக்குக் கடிதம் எழுதினார். வெயில் பட்டால் இந்த உயிர்கள் செத்துவிடும் என்பதால், பெட்டியின் மேல் ‘உயிருள்ளது, நிழலில் வைக்கவும்’ என்று தமிழில் எழுதி ஒட்டும்படி கேட்டுக்கொண்டார். ஐயத்துக்கு இடமே இல்லாத வாசகம் என்று நினைத்தார்.

பெட்டி தூத்துக்குடிக்கு லாரி பார்சலில் வர வேண்டும். அவர் போய் விசாரித்தார். பார்சல் ஆபீஸ் குமாஸ்தா உரப் பதிவேட்டைப் புரட்டி, வரவில்லை என்றார். மூன்று நாள் கழித்துப் போனார். வரவில்லை. இரண்டு நினைவூட்டுகள் எழுதினார். அதற்குள் ஐப்பசி பிறந்து, வானம் கறுத்து, மந்திரமூர்த்தி ஆள் மேல் ஆள் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். ஏழாம் தேதி பொறுமை போய், குமாஸ்தாவைக் கேட்காமலே தேவபிரசாதம் சரக்குக் கிட்டங்கிக்குள் நுழைந்துவிட்டார்.

உள்ளே இனிகோ என்கிற சுமை தூக்கும் ஆள் இருந்தார். ஒரு காலத்தில் சங்கு குளிக்கிறவர், முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் சிப்பிக்கும் முங்கியவர். ஒரு காது செவிடானபின் கரைக்கு வந்தவர். என்ன பெட்டி, எங்கிருந்து என்று கேட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே ஈரச்சாக்கு சுற்றி ஒரு மரப்பெட்டி இருந்தது. பக்கவாட்டில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டிருந்தது.

“இது ஒங்களுதா சார்? எட்டு நாளா நாந்தான் பாத்துக்கிடுதேன். சத்தமே இல்ல. செத்துப் போச்சோன்னு நெனச்சேன்.”

குமாஸ்தா அதைக் கோழிக்குஞ்சுப் பதிவேட்டில் ஏற்றியிருந்தார். உயிருள்ளது என்று ஒட்டி வருவது அந்த ஆபீஸில் கோழிக்குஞ்சு ஒன்றுதான். தேவபிரசாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இது உரம் என்றார்.

“உசுருள்ளதுன்னு போட்டிருக்கே.”

“உயிருள்ள உரம்.”

இனிகோ அவரை ஏற இறங்கப் பார்த்தார். “என்னமோ சார். சிப்பிய நாங்க இப்படித்தான் வைப்போம். ஈரச்சாக்கு, நெழலு, கொஞ்சம் காத்து. கடல விட்டு வந்தாலும் ரெண்டு நாளைக்கு உசுரு நிக்கும்.”

பெட்டியைச் சைக்கிளில் கட்டும்போதுதான் தேவபிரசாதத்துக்கு ஒன்று உறைத்தது. உரம் என்று பதிவாகியிருந்தால் அது தகரக் கொட்டகையில் மூட்டைகளோடு எட்டு நாள் வெந்திருக்கும். பொட்டலத்தில் ஓர் உயிர் மிஞ்சியிருக்காது. நன்றி சொல்ல மனம் வராமலே நன்றி சொல்லிவிட்டு வந்தார். தப்பாகப் படித்தவனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. காலையில் மண் பதமாக இருந்தது. பொட்டலமும் செய்முறைத் தாளுமாக அவர் புளியங்கரிசல் போய்ச் சேர்ந்தபோது மந்திரமூர்த்தி கலப்பைக் கொழுவைக் கொல்லனிடம் கொண்டுபோயிருந்தார். பதினொரு மணிக்குத் தாலுகாக் கூட்டம். தேவபிரசாதத்தால் காத்திருக்க முடியாது. பக்கத்தில் நின்று தானே செய்து காட்ட வேண்டும் என்று திட்டமிட்டிருந்தவர், கடைசியில் மந்திரமூர்த்தியின் மனைவி பேச்சியம்மாள் கையில் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

பேச்சியம்மாள் ஐந்தாவது வரை படித்தவள். தாளை வாங்கி மேலே இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். “விதை… நேர்த்தி… முறை. நேர்த்தியா சார்?”

“நேர்த்திதான். எட்டுக் குறிப்பு இருக்கு. வரிசை மாறக் கூடாது. ஒண்ணு தப்பினாலும் பலன் இருக்காது.”

“தப்பாது சார்” என்றாள். அவள் முகத்தில் தெரிந்த கவனத்தைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். பதினான்கு வருஷ சர்வீஸில் அவர் தாளை ஒருவரும் இப்படி இரண்டு கையாலும் வாங்கியதில்லை.

அந்தத் தாள் அவரே ஸ்டென்சிலில் எழுதி நகலெடுத்தது. சுத்தமான இடத்தில், சுத்தமான கையால் செய்யவும். அரை ஏக்கருக்கு நான்கு கிலோ விதைக்குப் பொட்டலத்தில் பாதி. உப்புப் போடாத அரிசிக் கஞ்சியை ஆறவைத்து அதில் பொடியைக் கரைத்து விதையோடு பிசறவும். வேறு மருந்து எதுவும் சேர்க்கலாகாது. நிழலில் அரை மணி நேரம் உலர்த்தவும், வெயில் படலாகாது. அன்றே விதைக்கவும். கலந்த விதையை மீதி வைக்கலாகாது, வீட்டு உபயோகத்துக்கு எடுக்கலாகாது. இப்படிப் போனது.

ஒன்பதாம் நாள் முளைப்பு பார்க்க வந்தவர் ரோட்டிலிருந்தே சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். திடலின் கிழக்குப் பாதியில் நான்கு மூலையிலும் கம்பு நட்டு, வேப்பிலை கட்டிய கயிறு ஓடியது. நடுக் கம்பில் ஒரு சிவப்புத் துணி படபடத்தது. மேற்குப் பாதியில் நாலு வெள்ளாடு மேய்ந்துகொண்டிருந்தது.

வரப்பில் நின்ற பேச்சியம்மாளிடம் அதென்ன துணி என்று கேட்டார்.

“மாடசாமிக்கு நேந்த இடம்லா, அடையாளம் வேண்டாமா?”

“யாரு நேரச் சொன்னா?”

“நல்லாருக்கே. நீங்கதான எழுதிக் குடுத்திய.”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வேளாண்மைத் துறையின் தமிழில் நேர்த்தி என்றால் விதையைப் பக்குவம் செய்வது. புளியங்கரிசலில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான், சாமிக்கு நேர்ந்துகொள்வது. கிடா நேர்வார்கள், சேவல் நேர்வார்கள். விதை நேர்வதை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அரசாங்கமே முறை எழுதி அனுப்பியிருக்கும்போது செய்வதற்கென்ன. கோயிலில் சாமியாடுகிற அய்யாக்குட்டி குளித்து, ஈரத்துணியோடு வந்து, மாடசாமி கோயில் வேப்பமரத்து நிழலில் தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொன்றாகச் செய்வித்திருக்கிறார்.

“உப்பில்லாத கஞ்சின்னு இருந்துச்சுல்லா, அதக் கேட்டுத்தான் அய்யாக்குட்டி அண்ணாச்சிக்கு ஒரே ஆச்சரியம்” என்றாள் பேச்சியம்மாள். “படையலுக்கு உப்புச் சேக்க மாட்டோம்லா. நாசரேத்துக்காரருக்கு இது எப்படித் தெரிஞ்சுதுன்னு ரெண்டு நாளா இதே பேச்சு.”

உப்பு அந்த நுண்ணுயிரைக் கொன்றுவிடும், அதற்காக எழுதியது என்று தேவபிரசாதம் விளக்கினார். நேர்த்தி என்கிற சொல்லின் இரண்டு பொருளையும் பிரித்துச் சொன்னார். மந்திரமூர்த்தியும் வந்து சேர்ந்துகொண்டு, இரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார்கள். முடிவில் மந்திரமூர்த்தி, “ரெண்டும் ஒண்ணுதான சார்” என்றார்.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஆடுகள். நேர்ந்த நிலத்தில் ஊரில் ஒருவனும் ஆட்டை விட மாட்டான். நேராத பாதியில் எல்லா ஆடும் வாய் வைக்கும். இப்படிப் போனால் கிழக்குப் பாதி உயர்ந்து நிற்பது நுண்ணுயிராலா, ஆடு கடிக்காததாலா என்று எந்த மடையனும் கேட்பான். மேற்குப் பாதிக்கு முள்வேலி போட ஒருவரும் வரவில்லை. கடைசியில் அவரே உடைமுள் வெட்டிச் சுமந்து, கையெல்லாம் ரத்தக் கீறலாக, இரண்டு நாள் நின்று வேலி அடைத்தார். தோற்க வேண்டிய பயிருக்கு வேலி போட்ட முதல் ஆள் தான்தான் போலிருக்கிறது என்று மனைவி பிளாரன்ஸிடம் சொன்னார். அவள் அவர் கைக் கீறல்களில் மஞ்சள் தடவிக்கொண்டே, வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா, எல்லாவற்றையும் தாளில் எழுதுவானேன் என்று கேட்டாள்.

வாரம் இரண்டு தடவை வந்து இரு பக்கமும் இருபது இருபது செடியை அளந்து நோட்டில் குறித்தார். பதினைந்தாம் நாள் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. வேலிக்குள் ஆடு கடிக்காத செடிகளை மட்டும் எடுத்துப் பார்த்தாலும், கிழக்குப் பாதி நாலு விரல் உயரம் கூட; இலை நல்ல கரும்பச்சை. அவர் எரிச்சலையும் மீறி ராத்திரிச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாக இறங்கியது.

இருபத்தெட்டாம் நாள் வயல் விழா வைத்தார். விரிவாக்க அலுவலர் ஜீப்பில் வந்தார். ஊரே திரண்டு வரப்பில் நின்றது. ஒரு சாணுக்குக் குறையாத வித்தியாசம். போன வருஷம் எழுந்து போன ஆண்கள் இந்த வருஷம் செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டு நின்றார்கள். கோயில் வாசலில் கிடப்பதுபோல வரிசையாகக் கிடந்த அந்தச் செருப்புகளைத் தேவபிரசாதம் கவனித்தார். ஆனாலும் அவரிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. வேர்.

கிழக்குப் பாதியிலிருந்து ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசி, தூக்கிப் பிடித்தார். வேர் முழுவதும் கடுகும் மிளகுமாக முடிச்சுகள்.

“பாத்துக்கிடுங்க. இதுதான் வித்தியாசத்துக்குக் காரணம். நான் கொடுத்த பொடி. வேற ஒண்ணும் இல்ல.”

முடிச்சு நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதை அறுத்துப் பார்க்க வேண்டும், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்து, பெரிய முடிச்சு ஒன்றை இரண்டாக வகிர்ந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். உள்ளே நல்ல சிவப்பு.

அய்யாக்குட்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“ரத்தம்லா” என்றது ஒரு பெண் குரல்.

“ரத்தமில்ல. கேளுங்க” என்றார் தேவபிரசாதம். அவசர அவசரமாக மேற்குப் பாதியிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கி அலசினார். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து முடிச்சு. அறுத்துக் காட்டினார். வெளுப்பு.

“பாத்தியளா” என்றார் அய்யாக்குட்டி, ஊரைப் பார்த்து. “நேராத எடத்துல ரத்தம் இல்ல.”

விரிவாக்க அலுவலர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போனார். அப்போது மந்திரமூர்த்தி ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: ரத்தமில்லை என்றால் அந்தச் சிவப்பு என்ன. தேவபிரசாதம் பொய் சொல்லியிருக்கலாம். ஏதோ சாயம் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே பழகிய வாய்.

“நம்ம ரத்தத்துல சிவப்பைக் கொடுக்கிறது எதுவோ, அதே சாதிப் பொருள்தான். ஆனா ரத்தம் இல்ல.”

பேச்சியம்மாள் கையைக் கூப்பினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும்.

படிவத்தை நீட்டியதும் இருபத்தாறு பேர் வந்தார்கள். ஊரில் எழுதத் தெரிந்தவன், தெரியாதவன் எல்லாரும். ‘விதை நேர்த்தி செய்ய ஒப்புக்கொள்கிறேன்’ என்று அவரே அச்சடித்த வாசகம் மேலே இருந்தது. முதலில் நின்றவரிடம், அடுத்த ஐப்பசிக்குப் பொட்டலத்தை என்னிடம் வந்து வாங்கிக்கொள்வீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்தார்.

“பொட்டலம் எதுக்கு சார்? நேந்துக்கிட்டாப் போதாதா?”

தேவபிரசாதம் பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார். படிவத்தை மடித்தார்.

விரிவாக்க அலுவலர் அவரைத் தனியே கூப்பிட்டு, உமக்குப் பைத்தியமா என்று கேட்டார். கையெழுத்து கையெழுத்துதான், என்ன நினைத்துப் போடுகிறான் என்று மேலே யார் கேட்கப்போகிறார்கள். தேவபிரசாதம் முடியாது என்றார். இவர்கள் அடுத்த வருஷம் வெறும் விதையை நேர்ந்து விதைப்பார்கள். வேரில் ஒன்றும் கட்டாது. சாமி கைவிட்டது என்பார்கள், இல்லை சேவக் கைவிட்டார் என்பார்கள். போன வருஷம் கருகியது போதும். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. தைப் பொங்கல்வரைதான் கெடு என்பதை அலுவலர் போகிற போக்கில் இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் முழுவதும் தேவபிரசாதம் ‘புளியங்கரிசல் பொதுமக்களுக்கு’ என்று நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். நேர்த்தி என்ற சொல் ஓரிடத்திலும் வராமல் எழுதினார். நுண்ணுயிர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, பொட்டலமில்லாமல் பலனில்லை என்பதை ஏழு காரணம் காட்டி நிறுவினார். அதை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாளிடம்தான் போனார். ஊரில் அவர் எழுத்தை வாசித்த ஒரே ஆள் அவள்தான்.

அவள் களை பறித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு வரி வாசித்தாள். பிறகு மடித்து அவரிடமே கொடுத்துவிட்டாள்.

“ஒங்களுக்கு என்னதான் சார் வருத்தம்? அதச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். அடுத்த வருஷம் பொட்டலம் இல்லாமல் நேர்ந்துவிடுவீர்கள்.

ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அவள் பார்த்தாள். “அதெப்படி இல்லாம? வாய்க்கு வந்தத அன்னைக்கு ஒருத்தன் சொல்லிட்டான், அவனுக்கு என்ன தெரியும். போன தடவ எப்படிச் செஞ்சமோ அப்படித்தான செய்யணும். ஒண்ணு கொறைஞ்சா நேர்த்தி சேருமா? ரெண்டாவது குறிப்புல பொட்டலம் இருக்குல்லா.” விரலை மடக்கி எட்டையும் வரிசையாக ஒப்பித்தாள். ஆறின கஞ்சி, நிழல், அரை மணி, அன்றே விதைப்பு, மீதி வைக்கக் கூடாது. ஒன்று பிசகவில்லை.

தேவபிரசாதம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு ஊரில் பதினான்கு வருஷமாக அவர் கொடுத்த தாள்களில் ஊறுகாய் மடித்தவர்கள் உண்டு, பீடி பற்றவைத்தவர்கள் உண்டு. எட்டில் மூன்றைச் செய்தவனைத் தேடிப் பிடித்து முன்னோடி விவசாயி என்று படம் எடுத்திருக்கிறார். நிழலில் உலர்த்து என்றால், வெயில் சும்மாதானே அடிக்கிறது என்பான். அன்றே விதை என்றால் நாளைக்கு நாள் நல்லாயிருக்கு என்பான். இந்த அரை ஏக்கர் ஏன் இப்படிக் கிளம்பியது என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அவர் எழுதியதை எழுதியபடி ஓர் ஊர் செய்தது இதுதான் முதல் தடவை.

பேச்சியம்மாள் ஆள் அனுப்பி அய்யாக்குட்டியை வரவழைத்தாள். அவர் முழுதும் கேட்டுவிட்டு, பொட்டலம் கட்டாயம் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். தாள் கோயிலுக்குள் விளக்கடியில் பத்திரமாக இருக்கிறது, அதிலிருந்து மாற ஒருவனுக்கும் அதிகாரம் இல்லை. பிறகு தாடையைத் தடவிக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

“பொட்டலம் கொண்டுவந்த அன்னைக்கு நீங்க என்ன சாப்பிட்டிருந்திய?”

தேவபிரசாதம் யோசித்தார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வேண்டும். அந்த வாரம் பிளாரன்ஸ் சாத்தான்குளத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவருக்கு மீன் கழுவவோ ஆக்கவோ தெரியாது. அவள் இல்லாத எட்டு நாளும் கஞ்சியும் துவையலும்தான். அதை அப்படியே சொன்னார்.

“எட்டு நாளு கவுச்சி இல்ல” என்றார் அய்யாக்குட்டி. “அப்ப அதையும் எழுதிக்கிடுங்க. ஒம்பதாவது.”

“அது விதைக்குச் சம்பந்தமில்லாதது.”

“செஞ்சது செஞ்சதுதான. போன தடவ மாதிரின்னா எல்லாம் போன தடவ மாதிரி.”

நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், கோயிலுக்கு வர மாட்டேன், இதெல்லாம் என்னால் ஆகாது என்று தேவபிரசாதம் எழுந்தார். சனிக்கிழமை தவறாமல் சீலா மீன் வாங்குகிற குடும்பம் அது.

“நீங்க கும்பிட வேண்டாம் சார்” என்றாள் பேச்சியம்மாள், களையைக் கூடையில் போட்டபடி. “சாப்பிடாம இருந்தாப் போதும்.”

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. பையிலிருந்த படிவத்தை எடுத்து, முழங்காலில் வைத்து நீவிவிட்டார். சாயங்காலத்துக்குள் இருபத்தாறு பெயரும் ஏறிவிட்டது. மேலே அச்சிட்டிருந்த சொல்லை அடிக்கலாமா என்று ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தவர், அடிக்கவில்லை. அறிக்கையில், ‘விவசாயிகள் முறையை முழுமையாகப் பின்பற்றுகின்றனர்’ என்று எழுதினார். இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பொய் ஒன்றும் இல்லை.

தை மாதம் மந்திரமூர்த்தி உளுந்து அடித்தார். ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போகவில்லை.

மறு ஐப்பசிக்கென்று கோயம்புத்தூருக்கு எழுதும்போது, பெட்டியில் என்ன ஒட்டச் சொல்வது என்று தேவபிரசாதம் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ‘உயிருள்ளது’ என்றே கேட்டு எழுதினார். பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவிடம் போகாமல் நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். இரண்டு பெட்டிகள், ஈரச்சாக்கோடு, ஓட்டையோடு.

மத்தியானம் ஆகியிருந்தது. வீடு பக்கத்தில்தான், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இனிகோ வற்புறுத்தினார். “அல்போன்சா காலம்பரயிலருந்து குசினிய விட்டு வரல. சீலாக் கொழம்பு. இன்னைக்குப் பிடிச்ச மீன் சார்.”

குழம்பு வாசம் சந்து முனைவரை வந்தது. அன்று அவருக்கு மீனை விட்டு ஏழாம் நாள். வேண்டாம் என்றார். வயிறு சரியில்லையா என்று இனிகோ கேட்டார். இல்லை, இந்த உரத்தைக் கொண்டுபோகிறவரை மீன் சாப்பிடக் கூடாது என்றார் தேவபிரசாதம்.

“ஒரத்துக்கும் மீனுக்கும் என்ன சார்?”

தேவபிரசாதம் வாயைத் திறந்தார். ரைசோபியம் என்றால் என்ன என்பதில் தொடங்கி, வேளாண்மைத் துறை, தாள், தலைப்பு, அதை ஊரார் படித்த விதம், வேர் முடிச்சு, அதன் சிவப்பு, அய்யாக்குட்டி என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்ல வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் ஆகும். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

“நேர்ச்சை” என்றார்.

“அப்படிச் சொல்லுங்க” என்றார் இனிகோ. அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, அதனால் இரண்டு பெட்டியையும் வெயில் படாமல் மூடி, சைக்கிளில் வைத்துக் கட்டினார்.